சுங்காய்க்கு வந்த ஹேரியட்

விமலா வாயைத் திறந்தால் கிந்தா ஆற்று முதலையும் கரையேறி உட்கார்ந்து கேட்கும் என்று ஈப்போவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவளே விமலாதான். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த காலத்தில், "எந்த ஊர் வேணும் சார்?" என்று அவள் கேட்ட மாத்திரத்தில் பேராக் மாநிலத்து ஆண்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் கூப்பிட வந்த ஊரே மறந்துபோனதாம். அதில் ஒருவர், ஊர் கடைசிவரை நினைவுக்கு வரவில்லை என்று நேரிலேயே வந்து சொல்லி, அவளைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டார். இந்தக் கடைசிச் செய்தி மட்டும் உண்மை. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது.

அந்தக் குரலைத்தான் வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் அறுத்து எடுக்கப்போகிறார்கள்.

தொண்டைக்குள் கட்டி. குரல்வளையோடு சேர்த்து எடுத்தால்தான் ஆள் தங்கும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். "பேச முடியாது. ஆனா உயிரோட இருப்பீங்க."

"ரெண்டையும் சேத்துக் குடுக்க மாட்டீங்களா டாக்டர்? சீனியர் சிட்டிசனுக்குத் தள்ளுபடி கிடையாதா?" என்று விமலா கேட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெர்ட்ரூட் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கெர்ட்ரூட் ஓய்வுபெற்ற தாதி. ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவள் என்பதால் இன்னமும் எல்லாருக்கும் 'மிஸ்ஸி'தான். ஒரு சமயம் அமெரிக்காவிலிருந்து வந்த பெண்மணி ஒருத்தி ஈப்போ நூலகத்தில் தங்கள் நாட்டுச் சரித்திரத்துப் பெண்களைப் போல உடுத்திக்கொண்டு, 'நான்தான் இன்னார்' என்று கதை சொல்லி நடித்துக் காட்டினாள். தோழிகள் இருவரும் போய்ப் பார்த்தார்கள். "இது நம்ம கூத்துலா! வேஷங் கட்டுறோம், வாரோம், நான்தான் ராஜான்னு சொல்றோம். இதுக்கு எதுக்கு பிளேன் ஏறி வரணும்?" என்று விமலா கிளம்பினவள்தான். அன்று முதல் மாதர் சங்கம், கோவில் மண்டபம், தேவாலயக் கூடம் என்று எதையும் இருவரும் விட்டுவைக்கவில்லை. கெர்ட்ரூட் தன் பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு, போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் கவனித்த கிளாரா பார்ட்டனாக வருவாள். விமலா தெலுக் இந்தானில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் நீச்சல் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு விமானம் ஓட்டிய அமேலியா ஏர்ஹார்ட் ஆனாள். நீச்சல் கண்ணாடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு கழலாமல், அமேலியா அந்தக் கோலத்திலேயே மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தாள்.

ஆனாலும் அவள் உயிரைக் கொடுத்துச் செய்தது ஹேரியட் டப்மனைத்தான். அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, தப்பியதோடு நிற்காமல் திரும்பத் திரும்ப அதே ஊருக்கு இருட்டில் போய் மற்றவர்களையும் கூட்டி வந்தவள். எழுபது பேரைக் கூட்டி வந்தாள் என்கிறது சரித்திரம். விமலாவின் வாயில் அது எழுநூறானது. லூமுட்டில் கடற்காற்று நன்றாக வீசியதால் ஏழாயிரமானது.

"இது சரித்திரம்டி! பாசார்ல மீன் விக்கிறியா?" என்பாள் கெர்ட்ரூட்.

"எழுபதுன்னா ஒரு பஸ்ஸும் ஒரு வேனும்லா. அதுக்கு எவ கைதட்டுவா?"

ஹேரியட்டுக்குச் சின்ன வயதில் தலையில் எடைக்கல் பட்டுக் காயம். அதிலிருந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று உறங்கிப்போவாள். விழித்ததும் கடவுள் எனக்கு வழி காட்டினார் என்பாள். இந்தக் கட்டம் விமலாவுக்கு அல்வா. பாதி வாக்கியத்தில் தலை தொங்கும், கண் செருகும், உடம்பு முன்னும் பின்னும் ஆடும். லூமுட்டில் கடற்படைக்காரர் மனைவி ஒருத்தி கோடாலித் தைலத்தோடு மேடைக்கே ஓடி வந்துவிட்டாள்.

டாக்டர் தேதி குறித்ததும் விமலா மகனைக் கூப்பிட்டுச் சொன்னாள். தீபன் மிரியில் கடலுக்கு நடுவே எண்ணெய் மேடையில் வேலை செய்பவன். திங்கட்கிழமை மாலைதான் வந்து சேர முடியும். அவன், "உங்க குரலைப் பதிஞ்சு வைங்கம்மா. எனக்கு வேணும்" என்றான்.

விமலா ஃபோனை எதிரே வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். சுவரோடு பேசுவதுபோல் இருந்தது. 'தீபா' என்றதும் அழுகை முட்டியது. அழுகிற குரலையா பிள்ளைக்கு வைத்துவிட்டுப் போவது? நாலு பேர் எதிரே இருந்தால்தான் என் குரல் என் குரலாக வரும் என்றாள். செவ்வாய்க்கு முன்னால் அவர்களுக்கு இருந்த ஒரே நிகழ்ச்சி, சுங்காய் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் ஞாயிறு மத்தியானம் நடக்கிற மகளிர் நாள் விழா. அங்கே ஹேரியட்டாகப் பேசுவது, கெர்ட்ரூட் அதைப் பதிவது, கடைசியில் நின்று நிதானமாக மகனுக்கும் நாலு வார்த்தை சொல்வது என்று முடிவாயிற்று.

குரல் ஏற்கெனவே கரகரத்துத் தேய்ந்துகொண்டிருந்தது. அதைச் சேமிப்பதற்காக ஒரு வாரம் விமலாவுக்கு வாய்ப்பூட்டு. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி, இவள் செத்துப்போய்விட்டாளோ என்று வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வந்து போன உறவினர்களெல்லாம், "ஒன்னும் ஆவாதுலா, குரல் தன்னால திரும்பி வந்துரும்" என்றார்கள். விமலா பதில் பேச முடியாமல் தலையை ஆட்டினாள். ஒவ்வொரு தடவையும் வாயில் சாம்பலைப் போட்டதுபோல் இருந்தது.

"அரை மணிதான்," என்று காரை ஓட்டியபடியே கெர்ட்ரூட் எச்சரித்தாள். "அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினே, மைக்கைப் புடுங்கிடுவேன். சொல்லிட்டேன்."

தோட்டம் என்பது பெயர்தான். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டாயிற்று. வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். லயத்து வீடுகளில் கொஞ்சம் தமிழ்க் குடும்பங்களும், அவர்களை விட்டுப் போக மனமில்லாத ஒரு மாரியம்மனும் மிச்சம். கோவில் தலைவர் சன்னாசி வாசலுக்கே ஓடி வந்து வரவேற்றார்.

"வாங்கக்கா, வாங்க மிஸ்ஸி. கூட்டம் பாத்தீங்களா? உறுமி மேளமும் ஏற்பாடு பண்ணியாச்சு. அமெரிக்காவுக்கு உறுமி ஒத்துக்குமா?"

விமலா வாயைத் திறக்காமல் இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டினாள்.

தலையில் துணி கட்டி, சால்வை போர்த்தி, ஒரு கையில் லாந்தரும் மறு கையில் துப்பாக்கியுமாக அவள் மேடை ஏறினாள். துப்பாக்கி என்பது கறுப்பு டேப் சுற்றிய, கெர்ட்ரூட்டின் முடி உலர்த்தும் கருவி. முன் வரிசையில் ஃபோனை நிறுத்திவைத்துக் கெர்ட்ரூட் கையசைத்தாள். விமலா வாயைத் திறந்தாள்.

சேமித்த குரல் கட்டிவைத்த ஆட்டை அவிழ்த்துவிட்டதுபோல் பாய்ந்து வந்தது. ஒரு வாரத்துப் பசி அதற்கு. கரகரப்பு எங்கே போனதோ தெரியவில்லை. "நான்தான் ஹேரியட்! இருட்டுல வருவேன். நட்சத்திரத்தைப் பாத்து நடப்பேன். என்னைக் கூப்பிட்டவங்களை நான் கைவிட்டதே இல்ல! போன எடத்துலேருந்து ஒருத்தரையும் விட்டுட்டு நான் திரும்புனதே இல்ல!" மண்டபத்துத் தகரக் கூரை கிணுகிணுத்தது. ஏழாயிரம் என்று சொல்லலாமா எழுபதாயிரமா என்று யோசித்தபடியே, பாதி வாக்கியத்தில் விமலா உறங்கிப்போனாள். தலை தொங்கிற்று. தலைத்துணி அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. உடம்பு ஆடத் தொடங்கியது.

அப்போதுதான் உறுமி அடிக்கிற பத்துமலை அந்தத் தப்பைச் செய்தான். தப்பு என்று அவனைச் சொல்லவும் முடியாது. மாரியம்மன் எதிரில் ஒரு பெண் 'நான்தான்' என்று கத்தி, தலைவிரித்து, கண் செருகி ஆடினால், உறுமிக்காரன் என்ன செய்வான்? அவன் அப்பனும் அதைத்தான் செய்திருப்பான். கை தன்னால் போய்விட்டது. உறுமி முழங்கிற்று.

"ஆத்தா வந்துட்டா!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். மொத்த மண்டபமும் எழுந்தது. ஒருத்தி மஞ்சள் தண்ணீரோடு ஓடி வந்தாள். ஒருத்தி வேப்பிலையை எங்கேயிருந்து பறித்தாளோ, கொத்தோடு வந்தாள். விமலா கண்ணைத் திறந்தபோது காலடியில் எலுமிச்சம்பழம். ஒரு தாத்தா முடி உலர்த்தும் கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "லாட்டரிக்கு நாலு நம்பர் ஏதாச்சும் சொல்லு தாயி. இந்த வாரமாச்சும் அடிக்கட்டும்" என்றார்.

விமலாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. இப்படி ஒரு வரவேற்பு அமெரிக்காவில்கூட ஹேரியட்டுக்குக் கிடைத்திருக்காது. கெர்ட்ரூட் ஃபோனுக்குப் பின்னாலிருந்து, முடிச்சிடு, முடிச்சிடு என்று கையைச் சுழற்றினாள். கடைசிப் பகுதிக்குப் போக வேண்டும். தீபனுக்கான நாலு வார்த்தை.

கூட்டம் தானாக விலகி வழி விட்டது. ஒடிசலான ஒரு பெண் கற்பூரத் தட்டோடு வந்து நின்றாள். உறுமி நின்றுவிட்டது. நம்பர் கேட்ட தாத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒருத்தரையும் விட்டுட்டு வந்ததில்லன்னு சொன்னியே ஆத்தா," என்றாள் அவள். "அப்ப எம் மவ தினேஸ்வரியக் கூட்டியா. எப்ப வருவா? அது மட்டும் சொல்லு."

சன்னாசி மேடையில் ஏறி விமலாவின் காதருகே குனிந்தார். "அது வீரம்மா அக்கா. மவ ஜொகூர்ல ரோட்டு விபத்துல போய்ச் சேந்துட்டா. அக்கா போய்ச் சேர்றதுக்குள்ள மாப்ள வீட்டாளுங்க எரிச்சிட்டாங்க. மொகம் பாக்கல. யார் பொண்ணயோ எரிச்சிட்டு எம் மவ பேரச் சொல்றானுங்கன்னு கருமாதிகூடப் பண்ண விடல. அழவே இல்லக்கா இன்னவரைக்கும். சோறும் எறங்கல. வருவான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பொய்யா இருந்தாலும் புண்ணியம்லா."

பொய் விமலாவுக்குப் பெரிய விஷயமே அல்ல. எழுபதை ஏழாயிரமாக்கியவளுக்கு ஒரு 'வருவா' எம்மாத்திரம்? வாயைத் திறந்தாள். அந்தப் பொய் வரவில்லை. ஒரு வாரமாகத் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தனக்குச் சொன்னவர்களின் முகமெல்லாம் வந்தது. தன்னால திரும்பி வந்துரும், தன்னால திரும்பி வந்துரும். சொன்னவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரவில் அதை வைத்துக்கொண்டு படுத்தவள் அவள்தான்.

விமலா மேடையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் சொன்னது பொய். நான் ஆத்தா இல்ல. ஈப்போ விமலா. இந்த ஹேரியட்டும் ஒருத்தியை விட்டுட்டுத்தான் வந்தா. அதை நான் எங்கேயும் சொல்றதில்ல. சொன்னா ஆளுங்க கைதட்ட மாட்டாங்கன்னு மறைச்சிடுவேன். அவளுக்கு ரேச்சல்னு ஒரு தங்கச்சி. கூட்டிட்டு வரணும், கூட்டிட்டு வரணும்னு வருஷக்கணக்கா முட்டிப் பாத்தா. கடைசியாப் போனப்ப, தங்கச்சி ஏற்கெனவே செத்துப்போயிட்டா. மொகம் பாக்கல. வெறுங்கையோட நின்னா."

வீரம்மாவின் தட்டில் கற்பூரம் அணைந்தது.

"அப்புறம்?" என்றாள் வீரம்மா.

"என்ன அப்புறம்? அழுதிருப்பா."

"மொகம் பாக்காமயா அழுதா?"

"அழாம எப்படிக்கா?"

வீரம்மாவின் உதடு துடித்தது. தொண்டையிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பியது. சன்னாசி பதறிப்போய்க் கையை விரித்தார். "அக்கா, மண்டபத்துல வேணாம்! அம்மன் எதுக்க ஒப்பாரி ஆவாதுக்கா!"

விமலா மைக்கைப் பார்த்தாள். அது கால் பக்கத்தில் தயாராக நின்றது. அதற்கு எதிரே கெர்ட்ரூட், ஃபோன், ஃபோனுக்குள் தீபன். நாலே வார்த்தை. முதலில் அதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வீரம்மா அதற்குள் வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டிருந்தாள். கிளம்பியது இன்னும் ஒரு நிமிடம் தாமதித்தால் உள்ளேயே போய்விடும் என்று தெரிந்தது. விமலா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியே நடந்தாள்.

வெளியே மழை. அந்தக் காலத்தில் ரப்பர் பாலை எடை போட்ட கொட்டகை ஒன்று கூரை மட்டும் மிச்சமாக நின்றது. அதற்குள் போய் வீரம்மாவின் தோளில் கைபோட்டு உட்காரவைத்தாள். வீரம்மா வாயைத் திறந்து திறந்து மூடினாள். தொடங்கத் தெரியவில்லை அவளுக்கு. விமலாவே தொடங்கினாள். ரேச்சலுக்காக.

"ஆறு கடந்து வந்தேனே, தங்கச்சி ஒன்ன அழைச்சுப் போக,
ஆளில்லாத வீட்டு வாசல் அடைச்சிருக்கக் கண்டேனே.
போன மொகம் பாக்கலியே, போட்ட மண்ணும் காங்கலியே,
கூடப் பொறந்தவளே, ஒம் பேரச் சொல்லி நின்னேனே."

அமெரிக்காவில் செத்தவளுக்குச் சுங்காயில் மாரடித்தாள் விமலா. மூன்றாவது சுற்றில் வீரம்மாவின் குரல் வந்து அவள் குரலைப் பிடித்துக்கொண்டது.

"பஸ் ஏறி நான் வந்து பாதி வழி தாண்டுமுன்னே
சாம்பலாப் போனியே, எஞ் சாமி தினேஸ்வரி.
தல சீவி விட்ட கையி தடவ ஒரு முடியுமில்ல,
தாயி நான் வாரதுக்குள் தாண்டிப் போன ராசாத்தி."

பெண்கள் ஒவ்வொருத்தியாக மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்தார்கள். வீரம்மா பாடப் பாட, மூச்சு வாங்குகிற இடத்தில் விமலா எடுத்துக் கொடுத்தாள். அரை மணி எப்போதோ முடிந்திருந்தது. கெர்ட்ரூட் குடையோடு ஓடி வந்தாள். "விமலா, போதும்டி, நிறுத்து" என்று கத்திக்கொண்டே வந்தவள், கொட்டகையின் ஓரத்தில் நின்றாள். குடையை மடக்கினாள். பிறகு அவளும் உள்ளே வந்து விமலாவின் மறு தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விமலாவின் குரல் கிழிவது அவளுக்கு அவ்வளவு பக்கத்தில் கேட்டது. முதலில் மேல் சுருதி போனது. பிறகு சொல் போனது. கடைசியில் வாய் மட்டும் அசைந்தது.

திரும்பும் வழியில் பீடோரில் காரை நிறுத்தி, பதிவானதைக் கெர்ட்ரூட் போட்டுப் பார்த்தாள். "நான்தான் ஹேரியட்" என்பது கொஞ்சம். அதற்கப்புறம் உறுமி, கூட்டத்துக் கூச்சல், நம்பர் கேட்ட தாத்தா, பாதி கேட்காத ரேச்சல் கதை. பிறகு காலியான மண்டபத்தில் மழை.

"காலையில குரல் வந்தா, ஆஸ்பத்திரியில வச்சு மறுபடி எடுக்கலாம்லா," என்றாள் கெர்ட்ரூட். தாதி அவள். வராது என்று அவளுக்குத் தெரியும். விமலா பதிலுக்கு அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

திங்கட்கிழமை மாலை தீபன் விமான நிலையத்திலிருந்து பையோடு நேராக வார்டுக்கு வந்தான். "அம்மா" என்றான். விமலா வாயைத் திறந்தாள். சைக்கிள் டியூபில் காற்றுப் போவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அம்மா வாழ்நாளெல்லாம் வேடிக்கை காட்டியவள் என்பதால் அவன் சிரித்துவிட்டான். "நடிக்காதீங்கம்மா. ஏதாச்சும் பேசுங்க."

கெர்ட்ரூட் அவன் முழங்கையைப் பிடித்து இல்லை என்று தலையசைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். தீபன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமா, என்னவென்று தெரியவில்லை. "எனக்காகத்தானே போனீங்க," என்றான் கடைசியில். விமலா தலையை ஆட்டினாள். அவள் கண்ணிலிருந்து இறங்கியது காதுக்குள் போனது. துடைக்கக்கூட இல்லை.

விமலாவின் ஃபோன் மணியடித்தது. சன்னாசியின் எண். தீபன் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டான்.

"ஈப்போ தாயி இருக்கா?" வீரம்மாவின் குரலும் தேய்ந்துதான் இருந்தது. "தாயி, வாற வெள்ளிக்கெழம அவளுக்குக் கருமாதி வைக்கிறோம். சன்னாசிதான் எல்லாம் பாக்குறான். இன்னிக்கு நெத்திலி சம்பல் வச்சேன், அவளுக்கு உசுரு. நானும் ஒரு வாய் சாப்ட்டேன். ஒரு வாய்தான்."

விமலா ஃபோனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒலிபெருக்கியில் இருந்ததால் வார்டு முழுக்கக் கேட்டது.

"அவளுக்குச் சின்னதுல தண்ணின்னா பயம் தாயி. குளிப்பாட்ட நாலு பேரு வேணும். மழ வந்தா எஞ் சீலைக்குள்ள பூந்துக்குவா. நேத்து அந்த மழயில ஒக்காந்து அழுதப்ப அதுதான் ஞாபகம். ஒங்கிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு. கேக்குறியா?"

விமலாவின் வாய் அசைந்தது.

"தாயி? லைன்ல இருக்கியா? கேக்குறியா?"

அந்தப் பக்கம் வீரம்மா காத்திருந்தாள். தீபன் அம்மாவின் உதட்டையே பார்த்தான். பிறகு ஃபோன் பக்கமாகக் குனிந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"கேக்குறாங்கம்மா," என்றான். "நீங்க சொல்லுங்க."

"நீ யாருப்பா?"

"அவங்க மவன்."

"ஆங், நல்லா இருப்பா," என்றாள் வீரம்மா. "கேளு. எட்டு வயசு இருக்கும் அவளுக்கு. ஒரு நாளு தெரட்டிக்கிட்டு வந்துச்சு பாரு மழ…"

விமலா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.